லொறி நின்றது உன் மாமாவால் அல்ல

தம்பி,

நாளை மத்தியானம் நீ கொழும்பிலிருந்து வந்து இறங்கும்போது வீட்டில் கௌரி இருக்கமாட்டாள். பயந்துவிடாதே. அவளுக்கோ வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கோ ஒரு குறையும் இல்லை. நீர்வேலியில் தாய் தகப்பனோடு இருக்கிறாள். இன்று காலை நான்தான் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். ஏன் விட்டேன் என்பதை, மகனே, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. போன கிழமை இரண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டேன். இரண்டு தரமும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு எழும்பிப் போனேன். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. நீ வாசித்து முடித்ததும் உன் மாமாவிடம், கௌரியின் அப்பாவிடம், கொடு. அவர் வாசிக்கட்டும், அவர் வீட்டுக்கு வந்து போகிறவர்களும் வாசிக்கட்டும். நீ அவரை ஏசியது நாலு பேருக்கு முன்னால். இதுவும் நாலு பேருக்குத் தெரியத்தான் வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை நான் கிணற்றடியில் நிற்கும்போது நீயும் அவளும் குசினிக்குள் கதைத்தது கேட்டது. "முதல் பிள்ளை. அம்மாவோடை போய் இருக்கவேணும் போலை கிடக்கு," என்றாள் அவள். நீ சொன்னாய்: "உன்ரை கொப்பர் உன்னையும் என்னையும் ரயிலுக்கு முன்னாலை விட்ட ஆள். அந்த வாசலை நான் மிதிக்கமாட்டன். நீயும் மிதிக்கக் கூடாது." அவள் பாத்திரம் கழுவிய சத்தம் நின்றுபோனது. நான் வாளியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். உங்களை ரயிலுக்கு முன்னால் விட்டது அவர் இல்லை, தம்பி. நான்.

எனக்கு உன் மாமாவின் மேல் பொறாமை. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்ல முடியாது. கலியாணம் முடிந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, நீ பெண் வீட்டுக்கு இருக்கப் போனாய். நானும் அப்படித்தான் உன் அம்மாவின் இந்தச் சண்டிலிப்பாய் வளவுக்கு வந்தவன். நான் வந்த அன்று என் அப்பா தன் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நீ போன பின்னேரம் யோசித்தேன். லொறியையும் நீ கொண்டுபோய்விட்டாய். எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்ததற்குப் பிறகு லொறி உன் கையில்தானே இருந்தது, நீ கொண்டுபோனது நியாயம். என்றாலும் கொட்டிலில் அது நின்ற இடத்தில் டீசல் சொட்டிக் கறுத்துப்போன நிலம் மட்டும் கிடந்தது. உன் அம்மா அதில் முருங்கைத் தடி ஊன்றுவோமா என்று கேட்டாள். நான் அவளோடு சண்டை பிடித்தேன்.

முதல் இரண்டு மாதமும் நீ ஒன்றுவிட்ட ஒரு நாள் வந்தாய். வந்தால் உன் வாயில் ஒரே பேச்சு. "மாமா சொன்னவர், வாழைக்கு உப்பிடித் தண்ணி கட்டக்கூடாதாம்." "மாமா சொன்னவர், ரயருக்குக் காத்து கூடிப்போச்சாம்." உன் அம்மா இறால் போட்டு முருங்கைக்காய்க் கறி வைத்திருப்பாள். நீ மூடியைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, "சாப்பிட்டிட்டுத்தான் அம்மா வந்தனான்," என்பாய். நீ படலையைத் தாண்டியதும் நான் அந்தக் கறியில் குறை சொல்லுவேன். ஒரு நாள் அவள் அகப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, கறியிலை ஒரு பிழையும் இல்லை. உங்களுக்குத்தான் வயிறு எரியுது. அந்த மனிசன் உங்களுக்கு என்ன செய்தவர்?" ஒன்றும் செய்யவில்லை. அதுதான் என் கஷ்டமே. ஏதாவது செய்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இது இவரோடு தொடங்கியதும் இல்லை. உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது பெரியப்பா கனடாவிலிருந்து வந்து உனக்கு ஒரு சிவப்புச் சைக்கிள் வாங்கித் தந்தார். நீ அன்று முழுவதும் அவருக்குப் பின்னாலேயே திரிந்தாய். அவர் விமானம் ஏறிய மறுநாள் நான், பிரேக் பிழை, ஓடினால் விழுந்து சாவாய் என்று சொல்லி அதைக் கொட்டில் வளைமரத்தில் கட்டித் தூக்கினேன். நீ கொஞ்ச நாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாய். பிறகு வழமை போல என் சைக்கிள் பாரில் ஏறி வந்தாய். பிரேக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அன்றும் நான் வண்டியைச் சாட்டித்தான் பொய் சொன்னேன்.

லொறி நிற்கத் தொடங்கியது மார்கழி மழைக்குப் பிறகு. எனக்கு அது எப்படித் தெரியவந்தது தெரியுமா? சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்குகிற ஒருவர் என்னைத் தேத்தண்ணிக் கடையில் கண்டு, "உங்கடை லொறி கோப்பாய்ச் சந்தியிலை நிண்டிட்டுதாமே? நல்ல வேளை, உங்கடை சம்பந்தி போன் எடுத்த உடனை வந்திட்டார்," என்றார். நான் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். அந்த லொறியின் ஒவ்வொரு திருகாணியும் நான் கழற்றிப் பூட்டியது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து ஒன்றுமே இல்லாமல் இருந்த காலத்தில் வாங்கிய வண்டி. அது நடுச் சந்தியில் நின்றபோது, நீ தண்ணி இறைக்கிற மெசின் திருத்துகிற ஒரு வாழைத் தோட்டக்காரரைக் கூப்பிட்டிருக்கிறாய். என்னை அல்ல.

அடுத்த நாளே பஸ் ஏறி நீர்வேலிக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? வந்து இறங்கியதும், ஒருவரையும் ஒன்றும் கேட்காமல், டீசல் பில்டரைக் கழற்றிப் புதிது போட்டேன். கைப் பம்பை அடித்துக் குழாய்க் காற்றை வெளியே எடுத்தேன். ஒரு தரம் அடித்ததும் எஞ்சின் எடுத்தது. நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உன் மாமாவைப் பார்த்தேன். "கை ராசி அண்ணை," என்றார் அவர், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பில் ஒரு விஷமும் இல்லை. மூன்றாம் நாள் லொறி புத்தூரில் நின்றது. அதன் பிறகு கைதடியில். அந்த இரண்டு தரமும் நீ அவரைத்தான் கூப்பிட்டாய்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். அன்று அவர் செய்ததை நீ முழுவதும் மறந்துவிட்டாய், அல்லது நான் உன்னை மறக்கவைத்துவிட்டேன். அவர் முதலில் திருகுசாவி ஒன்றையும் தொடவில்லை. கதிரை போட்டு என்னை இருத்திவிட்டு உன்னைக் கேள்வி கேட்டார். "திடீரெண்டு நிக்குதோ, இழுத்து இழுத்து நிக்குதோ?" "இழுத்து இழுத்து மாமா. மூச்சு முட்டின மாதிரி." "நிண்ட உடனை திருப்பி அடிச்சால் எடுக்குதோ?" "இல்லை. ஒரு பத்து நிமிசம் பொறுத்தால் ஒண்டும் நடவாத மாதிரி எடுக்கும்." "தாங்கி நிறைய டீசல் இருக்கேக்கையும் நிக்குதோ?" நீ யோசித்துவிட்டு, குறைந்திருக்கும்போதுதான் கூட நிற்கிறது என்றாய். எனக்கு அந்தக் கேள்விகள் ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் முதலில் சுட்டது. எத்தனை வருஷம் அதை ஓடினேன்!

பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓடவிட்டு, எஞ்சின் முனகத் தொடங்கியதும் தாங்கி மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுக்குமாம். இழுக்கவில்லை. அடுத்ததாக, தாங்கியிலிருந்து பம்புக்குப் போகிற இடத்தில் இறுகி வெடிக்கிற நிலையில் இருந்த பழைய குழாய்த் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே தெரிகிற புதுக் குழாய் போட்டு, இரண்டு பக்கமும் இறுக்கினார். "எங்கையாவது காத்து இழுத்தால் இதுக்குள்ளை குமிழி ஓடும், பாருங்கோ தம்பி." நீ குந்தியிருந்து பார்த்தாய். நானும் கதிரையில் இருந்தபடி எட்டிப் பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. டீசல் வரவு மட்டும் மெலிந்து மெலிந்து நின்றது. கடைசியாக ஒரு பிளாஸ்ரிக் கானில் டீசல் நிரப்பி, அதை லொறிப் பெட்டியில் உயரக் கட்டி, தாங்கியை விட்டுவிட்டுக் கானிலிருந்து நேரே பம்புக்குக் கொடுத்தார். நீங்கள் இரண்டு பேரும் புத்தூருக்கு இரண்டு தரம் போய் வந்தீர்கள். எஞ்சின் ஒரு தரம்கூட இருமவில்லை. நீ இறங்கி வந்து அவரின் தோளில் கையைப் போட்டாய். என் தோளில் நீ கடைசியாகக் கை போட்டது எப்போது என்று நான் அந்தக் கதிரையில் இருந்து யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

"அண்ணை," என்றார் அவர், என்னிடம் வந்து, மரியாதையாக. "பம்பிலை பிழையில்லை. குழாயிலும் இல்லை. தாங்கிக்குள்ளை ஏதோ கிடக்குது. ஓடேக்கை வந்து உறிஞ்சுற குழாயின்ரை வாயிலை ஒட்டுது. நிண்டால் விலகுது. கழட்டிப் பாப்பமே?"

தம்பி, அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் ஒரு நாள் வரிசையிலேயே யாரோ தாங்கி மூடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் இடுப்பில் உடுக்கிற என் பழைய நீலக் கோடு போட்ட சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து, சுருட்டித் தாங்கியின் வாயில் அடைத்து ஓடினேன். புது மூடி வாங்கிப் போடப் போன அன்று அந்தத் துண்டைக் காணவில்லை. வழியில் விழுந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உள்ளே விழுந்திருக்கலாம் என்ற நினைப்பு அப்போதே இருந்தது. தாங்கி கழற்றுகிற சோம்பலில் அதை விட்டுவிட்டேன். அது உள்ளே கிடந்து ஊறி இழை இழையாகப் போயிருக்கவேண்டும்.

அவருடைய முற்றத்தில், உன் முன்னால், கௌரியின் முன்னால், என் சாரத் துண்டை அவர் கையால் வெளியே இழுத்து எடுப்பதை நினைத்துப் பார்த்தேன். "தாங்கியை நான் போன வருசம்தான் கழட்டிக் கழுவினனான்," என்றேன். பச்சைப் பொய். அவர் துணியில் கையைத் துடைத்தார். "அப்ப சரி அண்ணை. எண்டாலும் ஒருக்கால்..." நான் எழும்பிவிட்டேன். "என்ரை லொறி. நான் வீட்டை கொண்டுபோய்க் கழட்டிப் பாக்கிறன்." நீ என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே லொறியை ஓட்டி வந்தாய். லொறியை என்னிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போனாய். வரும் வழியில் லொறி நிற்கவில்லை. எனக்கு அதில்கூட ஒரு சந்தோஷம்.

இரண்டு நாள் லொறி இந்தக் கொட்டிலில் நின்றது. நான் தாங்கி மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஏதோ கறுப்பாக மெத்து மெத்தென்று கிடந்தது. கம்பியை வளைத்து விட்டால் தொட்டுவிடலாம். நான் மூடியைப் பூட்டினேன். ஏன் என்று கேட்டால் இதுதான் பதில்: அதை எடுத்தால் லொறி நிற்காது. லொறி நிற்காவிட்டால் அவர் சொன்னது சரியாகிவிடும். பிறகு ஆறுதலாக, வேறு ஒரு பிழையைக் கண்டுபிடித்தது போலக் காட்டிக்கொண்டு, இரகசியமாக எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ வந்து கேட்டபோது, "கழட்டிக் கழுவியாச்சு. உள்ளுக்கை ஒண்டும் இல்லை. உன்ரை மாமா சொன்னது பிழை," என்றேன். நீ சந்தேகப்படவே இல்லை. "நீங்கள் பாத்தால் சரிதானப்பா," என்று சொல்லிச் சாவியை வாங்கினாய். தாங்கியை நிரப்பிக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டேன். நிறைந்திருந்தால் நிற்காது என்று உன் வாயால் கேட்டிருந்தேனே. அவ்வளவுதான் அன்றைக்கு எனக்கிருந்த மனச்சாட்சி.

பத்து நாள் ஓடியது. தாங்கி இறங்கியது. பதினோராம் நாள் காலை நீ வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சுன்னாகத்துக்கு வந்தாய். கௌரியும் ஏதோ வாங்கவேண்டுமென்று பக்கத்தில் ஏறி வந்தாள். பிள்ளை தங்கியிருந்தது அவளுக்கே அப்போது தெரியாது. ரயில் கடவையில் முன் சில்லு ஏறி இறங்கியதும் லொறி இழுத்து இழுத்து, தண்டவாளத்துக்கு மேலே நின்றுவிட்டது. மணி அடிக்கத் தொடங்கியது. நீ திருப்பித் திருப்பி அடித்தாய். "இறங்கு, இறங்கு!" என்று நீ கத்த, அவள், "நீங்களும் இறங்குங்கோ, இல்லாட்டி நான் இறங்கன்," என்று உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். சந்தைக்கு வந்த சனம் ஓடி வந்து தோள் கொடுத்துத் தள்ளியது. லொறி கடவையை விட்டு உருண்டு போய் வேலியில் மோதி நின்றது. அவள் கதவைத் திறந்து குதித்ததில் முழங்கை உரஞ்சி இரத்தம். நீங்கள் இரண்டு பேரும் வீதியோரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே ரயில் போனது. இதையெல்லாம் நீதான் எனக்குச் சொன்னாய், அன்று பின்னேரம், இந்த வாங்குப் பலகையில் குந்தியிருந்து. தேத்தண்ணியை உன்னால் பிடிக்க முடியவில்லை. அம்மா பிடித்துப் பருக்கினாள்.

பிறகு நீ என்னைக் கேட்டாய்: "தாங்கி கழுவின பிறகும் ஏனப்பா நிண்டது?"

அந்தக் கேள்விக்கு எனக்கு முன்னால் உண்மை ஒன்றுதான் இருந்தது. என் மகனையும் மருமகளையும் கொல்லப் பார்த்தவன் நான் என்று தெரிந்துகொண்டு நான் சொன்னேன்: "அந்த ஆள் போட்ட புதுக் குழாயாலை காத்து இழுக்குது போலை." நீ அந்த நிமிஷமே எழும்பினாய். "விசர் மனிசன்," என்றாய். உன் அம்மா மறித்தாள். நான் மறிக்கவில்லை. நீ நீர்வேலிக்குப் போய், வாழைக்குலை வாங்க வந்து நின்றவர்களுக்கு முன்னால் அவரை ஏசியதும், "உனக்குத் தண்ணி மெசின் மட்டும் தெரிஞ்சால் லொறிக்குப் போதாது," என்று கத்தியதும், பிறகு எனக்குத் தெரியவந்தது. அவர் சொன்ன ஒரே வார்த்தையும் தெரியவந்தது: "ஓம் தம்பி, குழாய் நான் போட்டதுதான். பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லை, அது காணும்." அந்தக் குழாயில் ஒரு குமிழியும் ஓடவில்லை என்று அவருக்குத் தெரியும். பார்த்தவன் நீயும்தான். பயத்தில் உனக்கு அது நினைவுக்கு வரவில்லை. என் சொல்லை நம்பினாய்.

அந்தக் கிழமையே நீயும் கௌரியும் பைகளோடு இங்கே வந்துவிட்டீர்கள். நான் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, சந்தைக்குப் போய் விளைமீன் வாங்கி வந்தேன். இப்படிச் சந்தோஷமாக நான் பல வருஷம் இருந்ததில்லை. அதுவும் உண்மை, எழுதத்தான் வேண்டும். நீ பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்த பகலில் தாங்கியை இறக்கினேன். சாரத் துண்டு வந்தது. ஒரு பாதி அழுகிக் கூழாகவும் மறுபாதியில் நீலக் கோடு தெரியவும். அதை அடுப்பில் போட்டு எரித்தேன். உறிஞ்சுகுழாயைக் கழுவி, தாங்கியைக் கழுவிப் பூட்டினேன். அதோடு விட்டேனா? அவர் போட்ட நல்ல குழாயையும் கழற்றி எறிந்துவிட்டு வேறு குழாய் போட்டேன். "இப்ப பார், நிக்காது," என்று உன்னிடம் காட்டினேன். நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை. ஓடுகிற ஒவ்வொரு நாளும் அந்த லொறி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படிச் சொல்லவைத்தவன் நான்.

இரண்டு கிழமைக்கு முன், நீ கிளிநொச்சிக்குப் போயிருந்த நாள், அவர் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு இதரை வாழைக்குலை கட்டியிருந்தது. படலைக்கு உள்ளே வரவில்லை. கௌரி குளித்துக்கொண்டிருந்தாள். குலையை என் கையில் தந்துவிட்டு, "லொறி இப்ப நிக்கிறேல்லையோ அண்ணை?" என்றார்.

"இல்லை."

"தாங்கி கழட்டினீங்களோ?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஓம்," என்றேன்.

"என்ன கிடந்தது?"

"சாரத் துண்டு. நான் வைச்சது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரின் முகம் கோபத்தில் சிவந்தது, நான் பார்த்தேன். ஆனால் அது இறங்கியது. "கௌரியும் அந்த லொறிக்குள்ளை இருந்தவள் அண்ணை," என்றார். அவ்வளவுதான். பிறகு, போக வெளிக்கிட்டவர் காலை ஊன்றிச் சொன்னார்: "தம்பியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் உங்களை விட்டிட்டுப் போயிடும். என்னோடை கோவம் எண்டால் அது ஒரு நாளைக்கு ஆறும். தகப்பனோடை எண்டால் ஆறாது."

அவர் போன பிறகு அந்தக் குலையைத் தூக்கிக்கொண்டு நிற்க எனக்குக் கை வலித்தது. அதுவரைக்கும் நான் பொறாமைப்பட்டது உன் அன்புக்காக, லொறிக்காக, அவரின் கைப்பழக்கத்துக்காக. அன்றைக்குத்தான் அந்த மனிதனுக்காகவே பொறாமைப்பட்டேன். இந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். நாலு ஊருக்குச் சொல்லித் திரிந்திருப்பேன். என் மகனை எனக்காகக் காப்பாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார், அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதிலும் அந்த எரிச்சல் பாதி இருக்கிறது. அவர் தந்த தயவில் உன்னை வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. மறுபாதி என்ன என்று எனக்குத் தெரியாது. நல்லதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்.

இன்று காலை கௌரி அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அம்மாவையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். கௌரி கையை உதறி, சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, என்னை நேரே பார்த்தாள். "மாமா, உள்ளுக்கை சீலை கிடக்குது எண்டு தெரிஞ்சுகொண்டோ எங்களை ஓட விட்டனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"அப்பாவை அவர் ஏசேக்கை நானும் பக்கத்திலை நிண்டனான். நானும் ஒண்டும் சொல்லேல்லை." அவளுக்கு அழுகை வந்தது அதற்குத்தான். என்னைத் திட்டவில்லை. அறைக்குள் போய்ப் பையை எடுத்தாள். வயிற்றில் பாரத்தோடு பஸ்ஸில் போகவேண்டாம் என்று ஓட்டோவைக் கூப்பிட்டேன். நானும் ஏறினேன், அவள் இறங்கச் சொல்லவில்லை. நீர்வேலியில் அவளின் அப்பா வாழைக்குள் நின்றவர், ஓட்டோச் சத்தம் கேட்டு மண்வெட்டியோடு வந்தார். அவள் இறங்கி, "அப்பா," என்றாள். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து அவளின் பையை வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லிப்போட்டீங்களோ?" என்றார். நான் தலையாட்டினேன். "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார். நான் போய் இருந்தேன். குடித்தேன்.

தம்பி, உனக்குச் சொல்லுகிற தகுதி எனக்கு இருக்கிறதோ தெரியாது, சொல்லுகிறேன். வண்டி நின்றால் உன் மாமா செய்தது போலச் செய். முதலில் கேள். தாங்கியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளு. யார் சொன்னது என்று பார்க்காதே. நான் சொன்னாலும் உன் கண்ணால் கண்டதை விட்டுவிடாதே, குமிழி வரவில்லை என்று நீ கண்டாய். உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது. அது வளர்ந்து ஒரு நாள் வேறு யாருடைய தோளிலோ கை போடும். அப்போது உனக்கும் எரியும். எரிந்தால் எழும்பி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நட. அந்த நேரத்தில் ஒருவரையும் பற்றி ஒன்றும் சொல்லாதே. நான் சொன்ன ஒரு வசனத்தால் ஒரு மனிதர் ஐந்து மாதம் தன் மகளின் முகத்தைப் பார்க்காமல் படலைக்கு வெளியே நிற்கவேண்டி வந்தது.

நாளை இதை வாசித்ததும் முதலில் நீர்வேலிக்குப் போ. நாலு பேருக்கு முன்னால் ஏசியதற்கு நாலு பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேள். அவர் வேண்டாம் என்பார், விடாதே, கேள். பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே இரு. பிறகும் அங்கேயே இருக்க விருப்பமென்றால் இரு, அது உன் வீடு. என்னிடம் எப்போது வரவேண்டும், வரவேண்டுமா என்பதை நீயே முடிவெடு. அம்மாவைப் பார்க்க மட்டும் வா. நீ வருகிற நேரம் சொன்னால் நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். நீ சுகமாக இருக்கிறாயா, பிள்ளை யாரைப் போல இருக்கிறது என்பதை இனி நான் அவரிடம்தான் கேட்டு அறியவேண்டி வரும். கேட்பேன். அவர் சொல்லுவார், முழுவதும் சொல்லுவார், ஒன்றையும் மறைக்கமாட்டார். நான் அதையும் பொறாமையோடுதான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா